இரண்டாம் பந்தி

பந்திக்கு முந்தச் சொல்கிறது பழமொழி. பிந்தியவருக்கு அப்பளம் நொறுங்கியிருக்கும், பாயசத்தில் முந்திரி இருக்காது என்பது கல்யாண வீட்டு அனுபவம். சினிமாத் தொழிலும் இந்தப் பழமொழியை நம்பித்தான் நடக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூல்தான் ஒரு படத்தின் ஜாதகம். திங்கட்கிழமை கூட்டம் குறைந்தால் காட்சிகள் குறையும். அடுத்த வெள்ளியன்று அதே சுவரில் வேறு போஸ்டர்.

இந்த ஜாதகத்தைப் பொய்யாக்கிய ஆண்டு 2024. அந்த ஆண்டில் மனதுக்குப் பிடித்த படம், பாட்டு, தீனி, பானம் என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் பெரும்பாலானவை பழைய சரக்கு; அல்லது தாமதமாகப் பரிமாறப்பட்ட சரக்கு. டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரமாகத் தயாராகும் ஆண்டுப் பட்டியல்கள், இலையில் இருக்கும்போதே ‘ருசி எப்படி?’ என்று கேட்பவை. கை கழுவி, வெற்றிலை போட்டு, வீடு திரும்பிய பிறகும் நாக்கில் நிற்பது எது என்பதைச் சொல்லக் கொஞ்ச காலம் ஆகும். அப்படி நின்றவை இவை.

முதல் இலை ‘லைலா மஜ்னு’ படத்துக்கு. அதைவிடச் சிறந்த படங்கள் உண்டு; ஆனால் அது திரும்பி வந்த இடம் அப்படிப்பட்டது. சாஜித் அலி இயக்கி, 2018 செப்டம்பரில் வெளியான இந்தப் படம், இம்தியாஸ் அலியின் பெயர் விளம்பரத்தில் பெரிதாக இருந்தும் வந்த சுவடு தெரியாமல் போனது. கதை நடப்பது காஷ்மீரில், படப்பிடிப்பும் அங்கேயே. ஆனால் படம் வெளியானபோது அதைத் திரையிட காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஒரு தியேட்டர்கூட இயங்கவில்லை. தீவிரவாதம் தலைதூக்கிய 1989-90 காலத்தில் மூடப்பட்டவை அவை. இடையில் ஓரிரு தியேட்டர்கள் திறந்து பார்த்து மறுபடி மூடிக்கொண்டன. ஸ்ரீநகரில் மல்டிப்ளெக்ஸ் வந்தது 2022 செப்டம்பரில்.

2024 ஆகஸ்ட் 2 அன்று ‘லைலா மஜ்னு’ மீண்டும் திரைக்கு வந்தது அந்த ஸ்ரீநகர் மல்டிப்ளெக்ஸில். ஒரு வாரம் கழித்துத்தான் மற்ற ஊர்களுக்குப் போனது. முதல் ஓட்டத்தில் சேராத பணம் மறு ஓட்டத்தில் சேர்ந்தது. 2018-ல் பலருக்கும் பெயர் தெரியாத கதாநாயகி திருப்தி டிம்ரி, இதற்குள் பிரபலமாகிவிட்டதும் ஒரு காரணம். தன் ஊரில் எடுத்த படத்தைத் தன் ஊரில் உட்கார்ந்து பார்ப்பது மும்பைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் சாதாரண சமாசாரம். ஸ்ரீநகர்க்காரருக்கு இந்த ஒரு படத்துக்கே ஆறு ஆண்டுகள் பிடித்தன.

அடுத்தது ‘தும்பாட்’. இதுவும் 2018-ன் பிள்ளைதான். ராஹி அனில் பர்வே இயக்கத்தில் பல ஆண்டுகள் இழுத்து இழுத்து எடுக்கப்பட்ட இந்தப் பேய்க் கதை, வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரத்தைத் துவக்கி வைத்த பெருமையோடு வந்தது. பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள், ஆனால் பார்த்தவர்கள் குறைவு. 2024 செப்டம்பர் 13 அன்று மறுபடி வந்தபோது தியேட்டர்கள் நிறைந்தன. முதல் முறை வசூலை இரண்டாம் முறை வசூல் தாண்டியது. இந்தியாவில் மிக அரிதாக நடக்கும் காரியம் இது.

மகாராஷ்டிர கிராமம் ஒன்றில், இடைவிடாத மழையில் நடக்கும் கதை அது. பூமியின் கர்ப்பத்தில் பதுங்கியிருக்கும் ஹஸ்தருக்குப் பொன்னின் மீதும் தானியத்தின் மீதும் தீராத ஆசை. பொன் அவனிடம் இருக்கிறது. தானியம் கிடைக்காது என்பது சாபம். மாவில் செய்த பொம்மையைக் காட்டி அவன் கவனத்தைத் திருப்பி, மடியிலிருந்து காசுகளைத் திருடுகிறான் கதாநாயகன். பிசாசுக்குக்கூடப் பொன்னைவிடச் சோறுதான் பெரிது என்ற அந்தக் கற்பனை, அந்த ஆண்டு திரையில் தெரிந்த சாப்பாட்டுக் காட்சிகளில் பயங்கரமானது, மறக்க முடியாதது.

இந்த மறு வெளியீடுகளுக்குப் பின்னால் கலைச் சேவை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-ன் முற்பாதியில் தேர்தலும் வெயிலும் சேர்ந்து புதிய படங்களைத் தள்ளிவைத்தன. காலியான நாற்காலிகளை நிரப்ப மல்டிப்ளெக்ஸ்கள் பழைய படங்களைத் தூசி தட்டின. ஏப்ரலில் தமிழில் ‘கில்லி’ வந்து புதுப் படம்போல் ஓடியது. கேரளத்தில் ‘தேவதூதன்’ வந்தது. 2000-ல் தோற்ற படம். கடைக்காரர் கணக்கு எப்படியோ, வாங்க வந்தவர்களின் கணக்கு வேறு. வீட்டில் கைபேசியில் இலவசமாகவோ மலிவாகவோ பார்த்துவிட்ட படத்துக்கே டிக்கெட் வாங்கிப் போனார்கள் அவர்கள். இருட்டில், முகம் தெரியாத முந்நூறு பேரோடு சேர்ந்து பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு.

தேவதூதனுக்குக் கிடைத்த மறு வாழ்வைவிட விசித்திரமானது ஒரு தமிழ்ப் பாட்டுக்குக் கேரளத்தில் கிடைத்த மறு வாழ்வு. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு சேர்ந்து வந்து, அதன் நிழலில் நின்ற படம் ‘குணா’. கொடைக்கானலில் அது படமான பள்ளங்களுக்கே பிறகு குணா குகை என்று பெயர் வந்தது. கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து 2006-ல் அங்கே சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழ, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டது உண்மைச் சம்பவம். சிதம்பரம் இயக்கி 2024 பிப்ரவரி 22 அன்று வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்தச் சம்பவத்தைச் சொன்னது. மலையாளத்தில் 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் படம் அதுதான்.

கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும் பாடிய ‘குணா’வின் கடிதப் பாட்டு, மீட்பின் உச்சக்கட்டத்தில் ஒலிக்கும்போது மொழி தெரியாத ஊர்களிலும் தியேட்டர் எழுந்து நின்றது. காதலுக்காக எழுதப்பட்ட பாட்டு 33 ஆண்டுகள் கழித்து நட்புக்குச் சொந்தமானது. அனுமதி பெறாமல் பாட்டைப் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பிலிருந்து மே மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் போனதும் இதே கதையின் பகுதி. பழைய பாத்திரத்தை எடுத்துப் பரிமாறும்போது, சமைத்தவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி வராமல் இருக்காது, வரவும் வேண்டும்.

நடிப்பில் அந்த ஆண்டின் இலை சாயா கதமுக்கு. ‘ஃபேண்ட்ரி’யில் அம்மாவாகவும் ‘சைராட்’டில் அக்காவாகவும் பார்த்த மராத்தி முகம். ஆண்டுக் கணக்கில் ஓரத்தில் நின்றவர் 2024-ல் நடுவில் வந்து நின்றார். மார்ச் 1 அன்று வெளியான கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’ படத்தில் அவர் ரயில்வே பிளாட்ஃபாரத்தில் டீக்கடை நடத்தும் மஞ்சு மாயி. முக்காடு மாறிப்போனதில் புருஷனைத் தொலைத்துவிட்டு அந்த பிளாட்ஃபாரத்தில் ஒதுங்கும் சின்னப் பெண் பூல், கடையில் கலாகந்த் செய்கிறாள். ஊர் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவள் கிண்டிய இனிப்பு விற்றுப்போகிறது. மஞ்சு மாயி கூலியை எடுத்து நீட்டும்போது, சம்பாதித்த காசு என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. உபதேசம் இல்லாமல் ஒரு பால் இனிப்பால் விஷயத்தைச் சொன்ன காட்சி அது. தியேட்டரில் நிதானமாக ஓடிய இந்தப் படம், ஏப்ரல் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு போனது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுவே.

அதே சாயா கதம், பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்தில் மும்பை ஆஸ்பத்திரியின் சமையல்காரி பார்வதி. குடியிருப்பதற்கு அத்தாட்சிக் காகிதம் இல்லாததால் பில்டர் அவளை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரபா. கனி குஸ்ருதி நடித்தது. கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குப் போய், பேச்சையும் நிறுத்திவிட்ட கணவனுடைய நாட்டிலிருந்து ஒரு பார்சல் வருகிறது. உள்ளே மின்சார அரிசி குக்கர், கடிதம் இல்லை. இரவில் தனியாக உட்கார்ந்து அந்தச் சிவப்புக் குக்கரைப் பிரபா அணைத்துக்கொள்கிறாள். சோறு வடிக்கும் சாமானை இப்படிக் காட்டிய இந்தியப் படம் வேறு இல்லை.

கேன்ஸ் போட்டிப் பிரிவில் 30 ஆண்டுகளுக்குப் பிறகு இடம் பிடித்த இந்தியப் படம் இது. 1994-ல் ஷாஜி என்.கருணின் ‘ஸ்வாஹம்’ போனதோடு சரி. 2024 மே 25 அன்று அதற்கு அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ கிடைத்தது. 2015-ல் புனே திரைப்படக் கல்லூரி வேலைநிறுத்தத்தில் வழக்கைச் சந்தித்த மாணவர்களில் ஒருவர் பாயல் என்பதை அப்போது பலர் நினைவுபடுத்தினார்கள். நாடு முழுவதும் படம் வந்தது நவம்பர் 22 அன்று. பிரான்ஸ்காரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு தாராவியும் தாதரும் உட்கார்ந்த இரண்டாம் பந்தி.

தியேட்டரில் இடைவேளை விட்டால் பாப்கார்ன் வேண்டும். அந்த ஆண்டின் சிறந்த நகைச்சுவைக்கு அதுவே வழி செய்தது. டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உப்பும் காரமும் போட்ட பாப்கார்னைப் பொட்டலம் கட்டாமல் விற்றால் 5 சதவீதம், பெயர் அச்சிட்ட பொட்டலமாக விற்றால் 12 சதவீதம், சர்க்கரைப் பாகு பூசினால் அது மிட்டாய், ஆகவே 18 சதவீதம் என்று விளக்கியது. ஒரே மக்காச்சோளத்துக்கு மூன்று ஜாதி. நாடு ஒரு வாரம் சிரித்தது. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் திருத்தப்பட்டபோது மூன்றும் 5 சதவீதத்தில் வந்து நின்றன.

தீனியில் அந்த ஆண்டின் இலை ஒடிசாவுக்கு. மயூர்பஞ்ச் மாவட்டத்தின் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகளைப் பிடித்து, பூண்டு, இஞ்சி, மிளகாய், உப்பு சேர்த்து அம்மியில் அரைப்பது இந்தச் சட்னி. எறும்பின் அமிலமே புளி. காட்டை ஒட்டிய ஆதிவாசிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு, வாரச் சந்தையில் விற்று வருவது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், தேன் எந்த வாயிலிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. முகம் சுளித்தவர்களின் நாட்டில், அந்தச் சட்னிக்கு அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பதிவேடு இருப்பது சென்னையில் என்பது தமிழர்களுக்கே அதிகம் தெரியாத செய்தி.

பானத்துக்கும் அதே பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அக்டோபரில் அசாமின் போடோ மக்கள் வீட்டில் காய்ச்சும் அரிசிக் கள் வகைகள் மூன்றுக்கு அதே குறியீடு வந்தது. அவற்றில் ஜோ குவ்ரான் என்பதில் ஆல்கஹால் 16 சதவீதத்துக்கு மேல். மைப்ரா ஜோ பித்வி, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு முதலில் நீட்டும் பானம். அரைவேக்காட்டு அரிசியில் ஊறுவது. மூன்றாவது ஜோ கிஷி. இவை ஆலைச் சரக்கு இல்லை. பெண்கள் தங்கள் அடுப்படியில் காப்பாற்றி வந்த கைப்பக்குவம்.

அடுத்த மாதமே இன்னொரு காட்சி. நவம்பர் 15 அன்று ஹைதராபாத்தில் பாட வந்த பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசஞ்சுக்கு, மதுவைப் புகழும் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று அதிகாரிகளிடமிருந்து நோட்டீஸ். அவர் சாராயம் வரும் இடத்தில் குளிர்பானத்தின் பெயரைப் போட்டுப் பாடிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து அகமதாபாத்தில், எல்லா மாநிலங்களும் மதுவிலக்குக் கொண்டுவந்தால் மதுப் பாட்டை அடியோடு விட்டுவிடத் தயார் என்று மேடையிலேயே அறிவித்தார். அரிசிக் கள்ளுக்குச் சான்றிதழும், சாராயப் பாட்டுக்குத் தடையும் ஒரே நாட்டில், அடுத்தடுத்த மாதங்களில்.

குடித்தாலும் யாரும் நோட்டீஸ் அனுப்பாத இரண்டு பானங்கள் பாக்கி. ஒன்று காபி. உலக உணவுகளுக்கு மதிப்பெண் போடும் டேஸ்ட் அட்லஸ் 2024-ல் நம் ஃபில்டர் காபிக்கு இரண்டாம் இடம் தந்தது, முதலிடம் கியூபாவுக்கு. கும்பகோணம் இதை ஒப்புக்கொள்ளாது. பெருமை வந்த அதே ஆண்டில் விலையும் வந்தது. பிரேசிலில் மழை பொய்த்ததில், டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977-ன் பழைய உச்சத்தைத் தாண்டியது. டிகாஷனில் சிக்கரி கொஞ்சம் கூடியதை நாக்கு கவனித்தது.

மற்றது தேநீர். தாஜ்மகாலின் பின்னணியில் தலைமுடி பறக்கத் தபலா வாசித்து, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு ‘வாஹ் தாஜ்’ என்ற ஜாகிர் உசேனை 1990-களின் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் மறக்க முடியாது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகள்; அப்படிப் பெற்ற முதல் இந்தியர். அவற்றில் ஒன்று, ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டுக்கு. ஜான் மெக்லாலினும் ஜாகிரும் விக்கு விநாயக்ராமும் எழுபதுகளில் சேர்ந்து தொடங்கிய குழு, 1977-க்குப் பிறகு ஸ்டூடியோவில் போட்ட தட்டு அது. விக்குவின் இடத்தில் இப்போது மகன் செல்வகணேஷ். டிசம்பர் 15 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஜாகிர் காலமானார்; வயது 73. அன்று நாட்டின் கைபேசிகளில் எல்லாம் அந்தப் பழைய தேநீர் விளம்பரம் மறுபடி ஓடியது.

கடைசி இலை பாலுக்கு. ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’, 1976-ல் குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். மொத்தம் 10 லட்ச ரூபாய். கதையில் வர்கீஸ் குரியனுக்கும் பங்கு உண்டு. ‘நம்ம படம்’ என்று லாரி லாரியாக வந்து பார்த்தார்கள் பணம் போட்டவர்கள். அரை நூற்றாண்டில் ஃபிலிம் சுருள் பாழாகத் தொடங்கியிருந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதைச் செப்பனிட்டது. படச் சுருள் புனே ஆவணக் காப்பகத்திலிருந்து கிடைத்தது. ஒலியை ஒரு பழைய தியேட்டர் பிரதியிலிருந்து எடுத்தார்கள். வேலையின் ஒரு பகுதி நடந்தது சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். செலவை ஏற்றது அதே கூட்டுறவுச் சம்மேளனம். ஆக, பால்காரர்கள் ஒரே படத்துக்கு இரண்டு முறை பணம் தந்திருக்கிறார்கள்.

மே 17 அன்று கேன்ஸில் அது திரையிடப்பட்டபோது நசீருதீன் ஷா அரங்கில் இருந்தார். ஸ்மிதா பாட்டீலும் கிரீஷ் கர்னாடும் இல்லை. ஜூன் முதல் தேதி, உலகப் பால் தினத்தன்று, இந்திய நகரங்களில் வந்தது. ஊரின் மேல்ஜாதித் தலைவரை எதிர்த்துச் சேரிக்காரர்கள் கூட்டுறவுத் தேர்தலில் ஓட்டுப் போடும் காட்சிக்கு இன்றைய இளைஞர்களும் கை தட்டினார்கள். டிசம்பர் 23 அன்று பெனகல் போனார். 90 வயது நிறைந்து ஒன்பது நாள்.

இரண்டாம் பந்தி நடக்க வேண்டுமானால் முதல் பந்தியிலேயே யாராவது ஒரு பாத்திரத்தை மூடி வைத்திருக்க வேண்டும். ஆதிவாசிப் பெண் அம்மியை வைத்திருந்தாள். போடோப் பெண் புளிப்பேற்றும் பக்குவத்தை வைத்திருந்தாள். மந்தனுக்கு ஒரு சுருள் மிஞ்சியிருந்தது. இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’வுக்கு அது இல்லை, 1931-ல் தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ படத்துக்கும் இல்லை. எந்த ரசிகர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த இரண்டையும் இனி யாரும் பரிமாற முடியாது. மந்தனை எடுக்க ஒரு விவசாயிக்கு முதலில் ஆன செலவு 2 ரூபாய்.